துக்க வீட்டில் வடகம் காயாது

எங்கள் பக்கத்தில் சாவு விழுந்த வீட்டில் வருஷத் திவசம் கொடுக்கிறவரை வடகம் போடமாட்டார்கள். ஊறுகாய் போடுவதில்லை, வற்றல் காயவைப்பதில்லை, தீபாவளிக்கு எண்ணெய்ச்சட்டி ஏற்றுவதில்லை. உறவுக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் தங்கள் வீட்டில் செய்ததில் ஒரு கிண்ணம் கொண்டுவந்து கொடுப்பார்கள். இது எந்த அரசாணையிலும் இல்லை. வருவாய்த்துறையில் எழுத்தராகச் சேர்ந்து தாசில்தாராக ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: அரசாணையில் இருப்பதைவிட இல்லாததைத்தான் ஜனங்கள் ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறார்கள். விலக்கு கேட்டு ஒருவரும் மனுக் கொடுப்பதில்லை. மேல்முறையீடும் கிடையாது.

என் அக்கா ஒவ்வொரு சித்திரை மாதமும் தவறாமல் வடகம் போடுவாள். தாளிக்கிற வடகம். சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் உரித்து உரலில் ஒன்றிரண்டாக இடித்து, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள், உப்பு எல்லாம் கலந்து, ஒரு ராத்திரி பானையில் மூடி வைப்பாள். மறுநாள் பாயில் பரப்பிக் காயவைத்து, வெயில் இறங்கியதும் வாரி உருண்டையாகப் பிடிப்பாள். காலையில் அந்த உருண்டைகளை உதிர்த்துத் திரும்பவும் பரப்புவாள். சாயங்காலம் திரும்பவும் உருட்டுவாள். உள்ளே ஈரம் இல்லை என்று அவள் விரலுக்குத் தெரிகிறவரை இது நடக்கும். கடைசியாக விளக்கெண்ணெயைக் கையில் தொட்டுக்கொண்டு இறுக்கிப் பிடித்தால் வருஷம் முழுக்கக் கெடாது. ஒரே வேலையைத் தினமும் கலைத்துத் தினமும் செய்கிற இந்த முறையை நான் பிற்காலத்தில் அலுவலகத்திலும் பார்த்திருக்கிறேன். அங்கே வடகம் கிடைக்காது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்பா அம்மா போன பிறகு எனக்கு அக்கா மட்டும், அக்காவுக்கு நான் மட்டும். அவளை நீடாமங்கலத்துக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. அத்தான் பண்ணையார் நிலத்தைக் குத்தகைக்கு உழுதுகொண்டிருந்தார். பிள்ளை இல்லை. இருவரும் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

சென்னையில் புது ஆட்சி வந்திருந்த காலம். உழுகிறவனுக்குத்தான் நிலம் என்று ஊரில் சுவரெல்லாம் எழுதியிருந்தார்கள். எழுதிய சுவர் பண்ணையாருடையது. முந்தின ஆட்சியில் கதர் கட்டியவர் இப்போது கரைவேட்டி கட்டிக்கொண்டார், வண்ணானுக்குத்தான் பழக்கம் மாறியது. நடுவில் சில நல்ல சட்டங்களும் வந்தன. அவற்றில் ஒன்றின்படி குத்தகைக்காரர் தம் உரிமையைத் தாலுகா ஆபீசில் பதிவு செய்துகொள்ளலாம். அந்த ஊரில் முதலில் பதிவு செய்தவர் அத்தான். படிவம் நிரப்பியவன் நான்.

அத்தோடு நின்றிருக்கலாம். அவர் கூடுதல் கூலி கேட்ட விவசாயத் தொழிலாளர்களோடும் போய் நின்றார். “நீங்க குத்தகைக்காரர். கூலி குடுக்கிற பக்கம். உங்களுக்கு அங்க என்ன வேலை?” என்று கேட்டேன்.

“பண்ணையில அறுக்கறவன்தான் என் வயல்லயும் நடறான். அவன் வயித்துல பாதி எரிஞ்சா என் நாத்து நேரா நிக்குமா?” என்றார்.

“இதெல்லாம் மேடையில பேச நல்லா இருக்கும் அத்தான்.”

“மேடை ஏத்துனா நீ வந்து கைதட்டுவியா? உன் உத்தியோகம் போயிடாது?”

அந்தத் தையில் சம்பா அறுவடைக்குப் பண்ணையார் வெளியூரிலிருந்து லாரியில் ஆள் இறக்கினார். உள்ளூர் ஆட்கள் வரப்பில் போய் மறித்தார்கள். அரிவாள் எல்லார் கையிலும் இருந்தது, ஏனென்றால் அது அறுவடை. யார் முதலில் கை ஓங்கியது என்பதற்கு இரண்டு தரப்பிலும் சாட்சி உண்டு. ஒருவருக்கு மண்டை உடைந்தது, போலீஸ் வந்தது, ஜனம் திசைக்கொன்றாய் ஓடியது. அத்தான் கோரையாற்றங்கரை மேல் கிழக்கே ஓடினார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அவர் பின்னால் சிலர் ஓடினார்கள் என்றும் சொன்னார்கள். அந்தச் சிலர் போலீசா, பண்ணை ஆட்களா என்று கேட்டால் எல்லாருக்கும் அப்போது கண்ணில் தூசி விழுந்திருந்தது.

அதற்குப் பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை.

எங்கெல்லாம் தேட வேண்டும் என்று எனக்குத் தெரியும். காவல் நிலையங்கள், கிளைச்சிறைகள், ஆஸ்பத்திரி, பிணவறை. எல்லா இடத்திலும் முறைப்படி கேட்டேன், முறைப்படி இல்லை என்றார்கள். நாகப்பட்டினத்தில் மீன் கூடை சுமந்துகொண்டிருந்தார் என்று ஒரு சேதி வந்தது. போய், படகுத்துறையில் நாள் முழுக்க நின்றேன். கூத்தாநல்லூர்க்காரர் ஒருவர் பினாங்கில் ஒரு கடையில் பார்த்தார் என்று இன்னொருவர் வந்து சொன்னார். அந்தக் கூத்தாநல்லூர்க்காரரைத் தேடிப் போனால், அவர் தாம் பார்க்கவில்லை, பார்த்த ஒருவரைத் தெரியும் என்றார். ஆற்றில் அமுக்கிவிட்டார்கள் என்றும் ஊரில் பேச்சு இருந்தது. அதை அக்கா வருகிறாள் என்றதும் நிறுத்திவிடுவார்கள். நிறுத்துகிற விதத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிடும்.

சித்திரை வந்தது. நான் போனபோது அக்கா முறம் நிறைய வெங்காயத்தை வைத்து உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி, அக்காவை ‘அண்ணி’ என்று கூப்பிடுகிறவள், வேலியோரம் நின்றிருந்தாள்.

“போடறீங்களா அண்ணி?” என்றாள்.

“பாத்தா எப்படித் தெரியுது? பூத்தொடுக்கற மாதிரியா இருக்கு?”

“இல்ல, நீங்க போடறீங்களா இல்லையான்னு தெருவுல கேட்டாங்க.”

“ஏன், தெருவுக்கு வெங்காயம் கிடைக்கலையாமா?”

அவள் வேலியைத் தாண்டி வந்து உட்கார்ந்து, முறத்திலிருந்து ஒரு கை அள்ளித் தானும் உரிக்க ஆரம்பித்தாள். அன்று தெரு முழுக்க ஒரு செய்தி போயிற்று: அந்த வீட்டில் வடகம் போடுகிறார்கள், ஆகவே அவர் இருக்கிறார். எங்கே என்று யாரும் கேட்கவில்லை. ஜனங்களின் அனுமானச் சட்டம் அப்படி. ஆதாரம் ஒன்று போதும்.

வயலை அக்காவே பார்த்தாள். கூலிக்குப் போராடியவர்கள் அவளுக்கு வந்து உழுது கொடுத்தார்கள். குறுவையும் சம்பாவும் விளைந்தன. குத்தகை நெல்லைக் குறைவில்லாமல் அளந்தாள். பண்ணைக்கு அதுதான் பிடிக்கவில்லை. பாக்கி இருந்திருந்தால் வெளியேற்றுவது சுலபம்.

பண்ணையின் காரியஸ்தர் அந்த ஊர்க்காரர்தான், பரம சாது. அதட்டிப் பேசமாட்டார். அவர் மனுப் போட்டார்: குத்தகைதாரர் சாகுபடியைக் கைவிட்டு ஊரைவிட்டுப் போய்விட்டார், ஆகவே நிலத்தை மீட்டுத் தரவேண்டும். நான் அந்த மனுவின் நகலை வாங்கிப் படித்தேன். நல்ல மனு. ஒரு வார்த்தை கூடவோ குறையவோ இல்லை. நானே எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

சங்கதி இதுதான். குத்தகை அத்தான் பேரில் இருந்தது. அவர் உயிரோடிருந்தால் வந்து நிற்க வேண்டும். செத்திருந்தால் மனைவி வாரிசு, நிலம் அவளிடமே இருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கச் சட்டத்தில் இடம் கிடையாது. ஏழு வருஷம் தகவல் இல்லாதவரை இறந்தவராகக் கொள்ளலாம் என்று ஒரு விதி உண்டு. அதுவரை பண்ணை காத்திருக்காது. ஆனால் மனைவியே, அவர் அன்றைய கலவரத்தில் செத்துவிட்டார் என்று வாக்குமூலம் கொடுத்து, ஊரிலும் நாலு பேர் அதையே சொன்னால், விசாரணை அதிகாரி ஏற்றுக்கொள்ளலாம். ஊரில் நாலு பேர் சொல்லத் தயாராக இருந்தார்கள். மனைவி சொல்ல வேண்டும். வீடும் அதற்குத் தகுந்த மாதிரி இருக்க வேண்டும்.

விசாரணை அடுத்த சித்திரையில் வந்தது. ஒரு வாரம் முன்னால் போய் அக்காவிடம் விளக்கினேன். அவள் முழுக்கக் கேட்டாள்.

“அதனால இந்த வருஷம் வடகம் வேணாம்க்கா.”

“ஏன், வெயில் இல்லையா?”

“சொன்னதெல்லாம் காதுல விழுந்துச்சா இல்லையா?”

“விழுந்துச்சு. அவரு செத்துட்டாருன்னு நான் சொன்னா நெலம் நிக்கும். அவ்வளவுதானே?”

“அவ்வளவுதான்.”

“நாளைக்கே வாசல்ல வந்து நின்னா?”

“வந்தா வரட்டும். ஒரு மனுவுல சரிபண்ணிடலாம்.”

“நீ சரிபண்ணுவ” என்றாள். “தாசில்தார் ஆபீஸ்ல ஆளைச் சாகடிக்கவும் மனு, பொழைக்கவைக்கவும் மனு. எனக்கு இந்த வீட்டுக்குள்ள அப்படி முடியாதுடா.”

“நெலம் போயிடும்க்கா. அவர் அதுக்குத்தானே அவ்வளவு பாடுபட்டாரு?”

அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். மோர் கொடுத்தாள். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். எழுத்தில் பதில் வராவிட்டால் ஆட்சேபணை இல்லை என்று கொள்வது அலுவலக வழக்கம்.

விசாரணை அதிகாரி இளைஞர், மேற்கே எங்கேயோ பிறந்தவர். வாசலில் புங்கமரத்தடியில் பள்ளிக்கூடத்து நாற்காலி ஒன்றைப் போட்டு உட்கார்ந்தார். காரியஸ்தர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். ஊர் நின்றது. நான் சொந்தக்காரன் என்பதால் தள்ளி நின்றேன். புங்கமரத்து நிழல் முடிகிற இடத்தில் இரண்டு கோரைப்பாய் நிறைய வடகம் காய்ந்துகொண்டிருந்தது. அதிகாரி நெடுநேரமாக மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஊர்க்காரர்கள் சொல்லிக்கொடுத்தபடி சொன்னார்கள். துரத்தினார்கள், கத்தல் கேட்டது, அப்புறம் கேட்கவில்லை. அதிகாரி குறித்துக்கொண்டார். அவருக்கு அக்காவுக்குச் சாதகமாக எழுத மனமிருந்தது என்று எனக்குத் தெரிந்தது. அதிகாரிகளின் பேனாவைப் பார்த்தே மனதைச் சொல்லிவிடுவேன்.

அப்போது காரியஸ்தர், “ஐயா, நான் ஒண்ணே ஒண்ணு சொல்லலாங்களா?” என்றார். “அந்தப் பாயைப் பாருங்க. வடகம் காயுது. எங்க பக்கத்துல துக்க வீட்டுல வருஷத் திவசம் குடுக்காம வடகம் போடமாட்டாங்க. போன வருஷமும் போட்டாங்க, இந்த வருஷமும் போட்டிருக்காங்க. பொய்யின்னா இங்க நிக்கிற யாராவது சொல்லட்டும்.”

அதிகாரி ஊரைப் பார்த்தார். கத்தல் கேட்டது என்று சற்றுமுன் சொன்ன நாலு பேரும் தரையைப் பார்த்தார்கள். போலீஸ் விசாரணையில் பொய் சொல்வார்கள், கோர்ட்டில் சொல்வார்கள். இந்த வழக்கத்தைப் பற்றிப் பொய் சொல்ல அவர்களால் முடியவில்லை.

“அம்மா, அப்படி ஒரு வழக்கம் உண்டா?” என்றார் அதிகாரி.

“உண்டுங்க” என்றாள் அக்கா.

“அப்ப உங்க வீட்டுக்காரர் உயிரோட இருக்கார்னு நினைக்கறீங்களா?”

“தெரியாதுங்க.”

“இறந்துட்டார்னு நினைக்கறீங்களா?”

“அதுவும் தெரியாதுங்களே.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “தெரியாதுன்னு நான் எழுத முடியாதும்மா. அதுல எந்த உத்தரவும் போட முடியாது. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அவர் போயிட்டார்னு நீங்க நம்பறதா ஒரு வார்த்தை சொன்னாப் போதும். மத்ததை நான் பாத்துக்கறேன்.”

காரியஸ்தர்கூட ஆட்சேபிக்கவில்லை. எல்லாரும் அக்காவைப் பார்த்தோம். அவள் மரத்தைப் பார்த்தாள். நிழல் பாயின் ஓரத்தில் ஏறியிருந்தது.

“வெயில் இறங்குதுங்க. நான் உருட்டணும்” என்று சொல்லிவிட்டுப் போய்ப் பாய் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஆடியில் ஆற்றில் தண்ணீர் வந்து நாற்று விடுகிற சமயத்தில் நிலம் பண்ணை வசம் போயிற்று. உத்தரவைப் படித்தேன். ‘குத்தகைதாரர் உயிருடன் இருப்பதாகவே அவருடைய குடும்பத்தார் நடந்துகொள்கின்றனர்’ என்று ஒரு வரி. பாவம், நேர்மையான வரி. மேல்முறையீடு செய்தேன், தள்ளுபடியானது. என் யோசனை சட்டப்படி சரியானது என்று அன்று நினைத்தேன், இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

அக்கா கூலி நடவுக்குப் போனாள். அத்தானும் மற்றவர்களும் கேட்ட கூலி அதற்குள் வந்துவிட்டிருந்தது. அந்தக் கூலிக்கு அதே வயலில் நட்டாள். என்னோடு வந்து இரு என்று நானும் என் மனைவியும் பல தடவை கூப்பிட்டோம். “வந்தா பூட்டின வீட்டையா பாப்பாரு?” என்பாள். அதற்கு மேல் அந்தப் பேச்சு நகராது. ஒவ்வொரு சித்திரையும் வடகம் போட்டாள். ஒரு பானை எங்களுக்கு பஸ்ஸில் வரும். வாங்கிவந்து கொடுக்கிற கண்டக்டரின் சட்டை எல்லாம் மணக்கும். நிலம் போன வருஷத்து வடகமும் நன்றாகவே இருந்தது. வத்தக்குழம்பில் கிள்ளிப் போட்டுத் தாளித்தால் என் மனைவி இன்னொரு பிடி சோறு கூட வடிக்க வேண்டியிருக்கும். ருசிக்கு எந்த விவரமும் தெரிவதில்லை. நமக்குத் தெரிந்தும் சாப்பிடுகிறோம்.

வருஷங்கள் போயின. கட்சி இரண்டாகப் பிரிந்து ஒன்று மாற்றி ஒன்று ஆட்சிக்கு வந்தது. எனக்கு இரண்டு பதவி உயர்வு. ஏழு வருஷமும் முடிந்தது. அத்தானை இறந்தவராக அறிவிக்க இப்போது விதி இடம் கொடுக்கிறது என்று அக்காவிடம் சொன்னேன். “யாருக்கு இப்ப அது வேணும்?” என்றாள். நியாயம்தான். கேட்க நிலம் இல்லை.

அதற்கும் சில வருஷம் கழித்து ஒரு சித்திரை. பானை வரவில்லை. உடம்பு சரியில்லையோ என்று புறப்பட்டுப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கித் தெருவில் நடந்தபோது ஒவ்வொரு வாசலிலும் பாய் விரித்திருந்தது, வாசனை தூக்கியது. அக்கா வாசலில் பாய் இல்லை. உள்ளே போனேன். தரையில் வரிசையாகக் கிண்ணங்கள், வாழையிலைத் துண்டு போட்டு மூடியவை. ஒன்றைத் திறந்து பார்த்தேன். வடகம். அடுத்ததும் வடகம்.

கிண்ணத்தை மூடினேன். “எப்பக்கா சேதி வந்துச்சு?” என்றேன்.

“சேதி ஒண்ணும் வரல.”

“பின்ன இது?”

“நான் போடலன்னதும் கொண்டாந்து வச்சிட்டுப் போறாங்க. ஒரு வார்த்தை கேக்கல. அதோ, அந்த எவர்சில்வர் காரியஸ்தர் வீட்டுது. அவரு சம்சாரம் கொண்டாந்துச்சு. உப்பு ஜாஸ்தி.”

“ஏன் போடல? உடம்புக்கு முடியலையா?”

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். “வெங்காயம் எல்லாம் இடிச்சாச்சு. பூண்டு போடணும். அவருக்குப் பூண்டு கூட இருக்கணுமா, கொறைய இருக்கணுமான்னு…” என்று நிறுத்தினாள். “ஒண்ணு அவருக்குப் புடிக்கும், ஒண்ணு எனக்கு. வருசா வருசம் அவருக்குன்னு தனியா கலந்து, தனியாத்தான் உருட்டுவேன். இந்த வருஷம் கையில பூண்டை வச்சுட்டு நிக்கறேன், எது அவருதுன்னு ஞாபகம் வரல. உக்காந்து பாத்தேன். வெளியில போயி நின்னு பாத்தேன். வரவே இல்ல.”

அவருக்கென்று தனியாகப் போடுவாள் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். அந்த வடகத்தையெல்லாம் என்ன செய்தாள் என்று கேட்கவில்லை. எனக்காவது ஞாபகம் இருக்கிறதா என்று யோசித்தேன். அவரோடு எத்தனையோ தரம் ஒரே பந்தியில் சாப்பிட்டிருக்கிறேன். அவருக்கு என்ன பிடிக்கும் என்று ஒரு நாளும் கவனித்ததில்லை.

“இடிச்ச வெங்காயத்தை மாட்டுக்குக்கூட வைக்க முடியாது. பள்ளம் தோண்டிப் புதைச்சேன்” என்றாள். பிறகு, “படைக்கறதுக்கு ஒரு நாளு வேணுமே. எந்த நாளுன்னு வச்சுக்கறது?”

இறந்ததாகக் கொள்ளலாம் என்றுதான் விதி சொல்கிறது. எந்த நாளில் என்று அது சொல்வதில்லை. இறந்த தேதியை, அதைச் சொல்லி வருகிறவர்தான் நிரூபிக்க வேண்டும். அதை அவளிடம் சொல்லவில்லை. “நாள் தெரியாதவங்களுக்கு ஆடி அமாவாசை இருக்குக்கா” என்றேன்.

“அது ஊருக்கெல்லாம் பொது நாளு. அவருக்குன்னு ஒண்ணு வேணாமா?”

“வேணும்தான்.”

“பூண்டு மறந்த நாளை வச்சுக்கவா?”

அப்படி ஒரு நாளைக் குறிக்க எந்தப் பதிவேட்டிலும் இடம் இல்லை. “வச்சுக்க” என்றேன்.

“அப்ப தலைமுழுகணும்டா. நீ கூடப் பொறந்தவன். நீ வர்றதுக்குத்தான் இருந்தேன்.”

சித்திரையில் வாய்க்காலில் தண்ணீர் ஏது. தெருமுனையில் பஞ்சாயத்து போட்ட கைப்பம்பு இருந்தது. இருவரும் நடந்தோம். பாய்களுக்குப் பக்கத்தில் காக்கை ஓட்டிக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து நின்றார்கள். பம்பில் குடம் வைத்திருந்த பக்கத்து வீட்டுக்காரி எங்களைப் பார்த்ததும் குடத்தை நகர்த்தி வழிவிட்டாள். நான் சட்டையைக் கழற்றிவிட்டுக் குனிந்தேன். அக்கா பம்பை அடித்தாள். முதலில் சூடாக வந்து, அடிக்க அடிக்கக் குளிர்ந்தது. பிறகு நான் அடித்தேன். அவள் புடவையோடு குனிந்து உட்கார்ந்தாள். நெற்றியில் இருந்த குங்குமம் கரைந்து மூக்கோரமாக இறங்கியது. அவள் அதைத் துடைக்கவில்லை. நான் நிறுத்தாமல் அடித்துக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரி வந்து என் கையிலிருந்து பிடியை வாங்கிக்கொண்டாள்.